கேட்பவர் கொடுக்கும் விலை

புவனோஸ் அயர்ஸ் சிறை ஒன்றில் இரண்டு பேர் ஒரே அறையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். ஒருவன் மொலினா. கடைகளின் கண்ணாடி முகப்பை அலங்கரிப்பது அவன் தொழில். தன்னைப் பெண்ணாகவே நினைத்துக்கொள்பவன். வயது வராத பையனைக் கெடுத்ததாக வழக்கு, எட்டாண்டுத் தண்டனை. மற்றவன் வாலந்தீன், மார்க்சியப் போராளி. விசாரணை எதுவும் இல்லாமல் அடைத்துவைத்து வதைக்கிறார்கள். விளக்கு அணைந்த பிறகு பொழுது போவதற்காக மொலினா தான் பார்த்த சினிமாக்களின் கதையைச் சொல்கிறான். மானுவல் புய்க்கின் ‘சிலந்திப் பெண்ணின் முத்தம்’ (1976) இப்படித்தான் நகர்கிறது. அர்ஜென்டினாவில் அந்த நாவலைத் தடைசெய்தார்கள். ஸ்பெயினில்தான் அது முதலில் அச்சேறியது.

ஒடுக்கப்பட்ட இருவர் கதை பேசி நண்பர்களானார்கள் என்று இந்த நாவலை ஒரு வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அந்த வரியோடு எனக்குப் பிணக்கு. முதலாவதாக, மொலினா சொல்வது தன் துயரக் கதையை அல்ல. சிறுத்தையாக மாறும் பெண், நாஜி அதிகாரியைக் காதலிக்கும் பாடகி, செத்தும் நடமாடுபவர்கள் உலவும் தீவு என்று அத்தனையும் திரைப்படங்கள். இரண்டாவதாக, வாலந்தீன் நல்ல ரசிகனே அல்ல. தொடக்கத்திலேயே நிபந்தனை போடுகிறான்: சாப்பாட்டைப் பற்றியும் உடுப்பில்லாத பெண்களைப் பற்றியும் பேசக் கூடாது. நடுநடுவே குறுக்கிடுகிறான். கதையில் வராத தாய் எப்படிப்பட்டவள் என்று கேட்கிறான். அவளுக்கு வீட்டில் வேலைக்காரர்கள் இருந்திருப்பார்கள் என்று வர்க்கக் கணக்குப் போடுகிறான். நாஜிப் படத்தை மொலினா சொக்கிப்போய்ச் சொல்லும்போது, அது அப்பட்டமான பிரச்சாரக் குப்பை என்று அடித்துப் பேசிவிடுகிறான். மொலினாவுக்கு மனம் ஒடிந்துபோகிறது. அடுத்த படத்தை அவன் வாய்விட்டுச் சொல்வதில்லை; தனக்குத் தானே மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறான். பக்கத்துப் படுக்கையில் ஆள் இருக்க, கதை சொல்லப்படாமலே போகும் அந்தப் பகுதியை நாவலின் உச்சம் என்பேன். கதை சொல்வதற்குக் கேட்பவரின் அனுமதி வேண்டும் என்பதை எந்தக் கோட்பாட்டு நூலும் இவ்வளவு துல்லியமாகக் காட்டியதில்லை.

மூன்றாவது விஷயம் இன்னும் கசப்பானது. நாவல் பாதியைத் தாண்டும்போதுதான் நமக்குத் தெரிகிறது, மொலினா சிறை அதிகாரியிடம் பேரம் பேசியிருக்கிறான் என்று. வாலந்தீனின் தோழர்களுடைய பெயர்களைக் கறந்து கொடுத்தால் முன்கூட்டியே விடுதலை. ஆக, இராத்திரிக் கதைகள் வேவு வேலையின் திரையும்கூட. ஆளைத் தளர்த்துவதற்காகச் சாப்பாட்டில் எதையோ கலந்து அனுப்புகிறார்கள். அதில் ஒரு தட்டை மொலினாவே தின்ன நேர்கிறது. வாலந்தீன் வயிறு கலங்கிப் படுக்கையை நாசப்படுத்தும்போது முகம் சுளிக்காமல் துடைத்துவிடுபவனும் மொலினாதான். அம்மா பார்க்க வந்ததாகச் சொல்லிப் பொட்டலம் பொட்டலமாகத் தின்பண்டம் கொண்டுவருகிறான். பட்டியல் கொடுத்து அதிகாரியிடம் வாங்கியது அது. இவன் ஏமாற்றுவது யாரை? ஒரு கட்டத்துக்கு மேல் மொலினாவுக்கே அது தெளிவாக இல்லை என்பதுதான் புய்க்கின் சாமர்த்தியம். வாலந்தீனும் மாறுகிறான். தான் உள்ளூர நேசிப்பது இயக்கத் தோழியை அல்ல, வசதியான வீட்டுப் பெண் ஒருத்தியை என்று ஒப்புக்கொள்கிறான். அவளுக்கு ஒரு கடிதத்தை அவன் சொல்லச் சொல்ல மொலினா எழுதுகிறான். போராளி தன் கொள்கைக் கறாரை அங்கே விட்டுக்கொடுக்கிறான். விடுதலையாகி வெளியே போன மொலினா, தோழர்களுக்கு ஒரு செய்தியைச் சேர்க்கப் போய்த் தெருவில் சுடப்பட்டுச் சாகிறான். அந்தச் சாவை நாம் படிப்பது எவருடைய கதையாகவும் அல்ல, காவல்துறையின் கண்காணிப்பு அறிக்கையாக. இன்ன நேரத்துக்கு வெளியே கிளம்பினான், இன்னாரோடு தொலைபேசியில் பேசினான் என்று எழுதிக்கொண்டே போகிறது அரசாங்கத்தின் நடை. அரசும் கதை சொல்லும்.

விளிம்பில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக் கூட்டாளிகளாகும் புனைவுகளை எடைபோட இந்த நாவலிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கதை எவ்வளவு உருக்கமானது என்பதல்ல. சொன்னவர் எவ்வளவு பாடுபட்டவர் என்பதும் அல்ல. கேட்டவர் அதற்குப் பிறகு எதை விட்டுக்கொடுத்தார்?

இலக்கியத்தின் பயனைப் பேசும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் வேறு கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். வரலாற்றாசிரியர் லின் ஹன்ட், மனித உரிமைகள் என்ற கருத்து உருவானதைப் பற்றி 2007இல் எழுதிய நூலில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடித வடிவ நாவல்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்றார். ரிச்சர்ட்சனின் ‘பமேலா’வையும் ரூசோவின் ‘ஜூலி’யையும் படித்து அழுதவர்கள், தம்மைப் போலவே வேலைக்காரப் பெண்ணுக்கும் உள்மனம் உண்டு என்று உணரப் பழகினார்கள் என்பது அவர் வாதம். வாசகருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் நடப்பதை அது விளக்குகிறது. பாத்திரத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் நடப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. எதிர்த்திசையில் சைதியா ஹார்ட்மன் 1997இல் வெளியிட்ட நூலில் ஒரு சங்கடத்தைச் சுட்டினார். ஜான் ராங்கின் என்ற அடிமை ஒழிப்பாளர், அடிமைகளின் வலியைத் தன் சகோதரனுக்குப் புரியவைப்பதற்காகத் தன்னையும் தன் மனைவி மக்களையும் சவுக்கடி படுபவர்களாகக் கற்பனை செய்து எழுதினார். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கற்பனையில் அடிமை காணாமல்போய், வெள்ளைக்காரக் குடும்பம்தான் மிஞ்சியது என்கிறார் ஹார்ட்மன். இரக்கப்பட்டு அழுபவர் தன் இடத்தை விட்டு அசைய வேண்டியதில்லை. கூட்டாளி அசைந்தாக வேண்டும்.

துன்பம் ஒன்றாக இருந்தால் போதும், கூட்டு தானாக வந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உடைத்துவிட்டவர் மேரி ஷெல்லி. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) என்றால் சினிமா பார்த்தவர்களுக்குப் பூதம்தான் நினைவுக்கு வரும். நாவலில் அந்தப் பூதம் பேசக் கற்றுக்கொள்ளும் அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு வேறொருத்தி நினைவுக்கு வருவாள், சாஃபி. துருக்கிக்குத் திரும்ப மறுத்துத் தப்பி வந்தவள், மொழி தெரியாதவள். காட்டோரக் குடிசையில் பெலிக்ஸ் அவளுக்குப் பாடம் நடத்துகிறான். சுவரில் உள்ள இடுக்கு வழியாக அதே பாடத்தைப் பூதமும் கேட்டுப் படிக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நேர்ந்த கதியைக் கேட்டுச் சாஃபி அழ, சுவருக்கு இந்தப் பக்கம் பூதமும் அழுகிறது. ஒரே பள்ளி, ஒரே கதை, ஒரே கண்ணீர், இரண்டு அந்நியர்கள். பிறகு ஒருநாள் வீட்டில் எவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கண் தெரியாத பெரியவரிடம் பூதம் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறது. அவர் பரிவோடு கேட்கிறார். அவருக்கு இதன் உருவம் தெரியாதே. அதற்குள் மற்றவர்கள் வந்துவிடுகிறார்கள். ஒருத்தி மயங்கி விழுகிறாள், பெலிக்ஸ் அடிக்கப் பாய்கிறான், சாஃபி வெளியே ஓடிவிடுகிறாள். அவளுக்குக் குடிசைக்குள் இடம் கிடைத்துவிட்டது. பூதத்தின் பக்கம் ஒரு கணம் நின்றாலும் அந்த இடம் போய்விடக்கூடும். ஷெல்லி இதை எங்கேயும் விளக்கவில்லை. ஓடிப்போனாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

முல்க் ராஜ் ஆனந்தின் ‘தீண்டாதவன்’ (1935) இதைவிட நுட்பமான ஒரு தோல்வியைக் காட்டுகிறது. பத்தொன்பது பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நாவல் அது. தெருவில் ஒருவன்மேல் தெரியாமல் இடித்துவிட்டதற்காக அறை வாங்கிக்கொண்டு வருகிறான், துப்புரவுத் தொழில் செய்யும் பாக்கா. வீட்டுக்கு வந்து அப்பன் லாக்காவிடம் குமுறுகிறான். லாக்கா ஆறுதலுக்கு ஒரு கதை சொல்கிறான். பாக்கா கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் சாகக் கிடந்தானாம். வைத்தியர் வீட்டு வாசலில் லாக்கா காத்துக் கிடந்தானாம். மருந்துக்குக் காசு கையில் இருந்தும் உள்ளே போய்க் கேட்க முடியாது. போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் கெஞ்சியும் எவரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் துணிந்து உள்ளே நுழைந்து காலில் விழுந்தான். திட்டு விழுந்தது, ஆனாலும் வைத்தியர் குடிசைக்கே வந்து பிள்ளையைக் காப்பாற்றினார். கதை நல்ல கதை, சொல்பவனும் பாசக்காரன். ஆனால் அவன் எடுத்துச் சொல்லும் பாடம் என்ன? அவர்கள் நல்லவர்கள், அவர்களுடைய தர்மம் நம்மைத் தொடவிடாது, அவ்வளவுதான். மகனின் கோபத்தைத் தணித்து, மறுபடி துடைப்பத்தைக் கையில் எடுக்கவைக்கும் கதை இது. ஒரே சாதி, ஒரே வீடு, ஒரே இரத்தம். இருந்தும் இந்தக் கதை அப்பனையும் மகனையும் ஒரே பக்கத்தில் நிறுத்தவில்லை. ஒடுக்கப்பட்டவர் வாயிலிருந்து வந்துவிட்டது என்பதற்காக ஒரு கதை எதிர்ப்புக் கதையாகிவிடாது. நாவலின் முடிவில் பாக்கா அடுத்தடுத்து மூவர் பேசுவதைக் கேட்கிறான்: பாதிரியார், காந்தி, கழுவுகக்கூஸ் வந்தால் இந்த இழிவு தொலையும் என்னும் கவிஞர். மூன்றும் மேலேயிருந்து வரும் கதைகள். அவன் கதையை உட்கார்ந்து கேட்க அந்த ஊரில் ஆள் இல்லை.

மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். தெப்பத்தில் ஒரு விடியற்காலை, தப்பியோடி வந்த அடிமை ஜிம் தன் சின்ன மகளைப் பற்றிச் சொல்கிறான். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அவளை அடித்துவிட்டான். பிறகுதான் தெரிகிறது, காய்ச்சலில் அவளுக்குக் காது போயிருந்தது. குடிகாரத் தகப்பனிடமிருந்து ஓடிவந்த ஹக் அதைக் கேட்டு ஒன்றும் சொல்வதில்லை. சில அத்தியாயங்கள் கழித்து, ஜிம்மைக் காட்டிக்கொடுக்காவிட்டால் நரகம்தான் என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டே, நரகத்துக்குப் போகத் துணிகிறான். கேட்டவன் கொடுத்த விலை அது. அடுத்து டாம் சாயர் வருகிறான், பை நிறையச் சாகச நாவல்களின் நினைப்போடு. பூட்டிய கொட்டகையிலிருந்து ஜிம்மை ஐந்து நிமிடத்தில் வெளியே கொண்டுவந்துவிடலாம். டாம் விடுவதில்லை. கதைப் புத்தகத்தில் வரும் கைதிகள் போல ஜிம்மோடு எலியும் பாம்பும் வாழ வேண்டும், நூலேணியைப் பலகாரத்துக்குள் ஒளித்து அனுப்ப வேண்டும். ஜிம்முக்கு ஏற்கெனவே விடுதலை கிடைத்துவிட்டது என்பது டாமுக்கு முன்பே தெரியும்! இழக்க எதுவும் இல்லாதவன் கையில் கதை போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட எடுப்பான காட்சி எனக்குத் தெரியவில்லை. பர்சிவல் எவரெட் 2024இல் எழுதிய ‘ஜேம்ஸ்’, இதே கதையை ஜிம்மின் வாயால் திருப்பிச் சொல்கிறது. தன் கதையை எழுத ஜிம்முக்கு ஒரு துண்டுப் பென்சில் வேண்டும். இன்னொரு அடிமை அதைத் திருடிக்கொண்டுவந்து தருகிறான். அதற்காக அவனைக் கொன்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் எழுதப்படும் எந்த வரியும் ஜிம்முக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது.

கேட்டவர் போகாமல் நிற்பதுதான் முதல் விலை என்று பழைய கதைகளுக்குத் தெரிந்திருக்கிறது. ‘ஆயிரத்தொரு இரவுக’ளில் பாக்தாத் சீமாட்டிகள் மூவரின் வீட்டுக்கு, ஒரே இரவில், ஒற்றைக் கண் இல்லாத பக்கீர்கள் மூவர் வந்து சேர்கிறார்கள். கேட்கக் கூடாததைக் கேட்டதால் தலை போக வேண்டிய நிலை. ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லிவிட்டு உயிரோடு போகலாம் என்கிறாள் வீட்டுக்காரி. முதலாமவன் சொல்லி முடிக்கிறான், போகலாம் என்று உத்தரவும் ஆகிறது. அவன் போவதில்லை, மற்றவர்கள் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று நின்றுவிடுகிறான். கதவு திறந்திருக்கிறது, ஆனாலும் நிற்கிறான்.

டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலில் இரண்டு கூட்டணிகள் உண்டு. விமரிசகர்கள் முதலாவதைத்தான் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். நிறைமாதக் கர்ப்பிணியான சேத், கென்டக்கித் தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்து, கால் வீங்கிப் புதரில் விழுந்து கிடக்கிறாள். அங்கே வருகிறாள் ஏமி டென்வர், தானும் ஓடிவந்துகொண்டிருக்கும் ஏழை வெள்ளைக்காரப் பெண். அம்மா பட்ட கடனுக்காக உழைத்துத் தீர்க்க வேண்டியிருந்தவள், முதலாளியிடம் அடிபட்டவள். பாஸ்டன் போய் வெல்வெட் துணி வாங்க வேண்டும், அதுதான் அவள் பேச்சு முழுதும். பேசிக்கொண்டே சேத்தின் காலை நீவிவிடுகிறாள். முதுகுக் காயத்தின்மேல் சிலந்தி வலையை எடுத்து அப்புகிறாள். ஓட்டைப் படகில் பிரசவமும் பார்க்கிறாள். பிறந்த குழந்தைக்கு அவள் பெயரையே சேத் வைக்கிறாள். நெகிழ்ச்சியான பகுதிதான். ஆனாலும் மாரிசன் கணக்கில் கறார். சேத் அவளிடம் தன் உண்மைப் பெயரைச் சொல்வதே இல்லை, பொய்ப்பெயர் ஒன்றைத்தான் சொல்கிறாள். ஏமியும் பிரசவம் முடிந்ததும் தன் வழியே போய்விடுகிறாள். ஓர் இரவுக் கூட்டு. அதை இனங்களுக்கிடையிலான சகோதரித்துவம் என்று பெரிதாக்குபவர்கள் அந்தப் பொய்ப்பெயரைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது கூட்டணி நாவலின் கடைசியில் வருகிறது. பிடிபட்டு மறுபடி அடிமையாகிவிடக் கூடாது என்று தன் குழந்தையையே கொன்ற சேத்தைச் சின்சினாட்டிக் கறுப்பர் சமூகம் பதினெட்டு ஆண்டுகளாக ஒதுக்கிவைத்திருக்கிறது. வீட்டுக்குள் பேய் வந்து உட்கார்ந்து அவளை உருக்குகிறது. மகள் டென்வர் வாசலைத் தாண்டி உதவி கேட்கப் போகிறாள். முதலில் வருவது சாப்பாடு. வீட்டெல்லையில் இருக்கும் மரக்கட்டையின்மேல் தட்டுகள் வந்து உட்காருகின்றன; சிலவற்றில் யாருடைய பாத்திரம் என்று தெரிய ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும் சாக்கில் டென்வருக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பேச்சு கிடைக்கிறது. பிறகு வேலை கேட்டு ஒரு வீட்டுக்குப் போகிறாள். அங்கே வேலைசெய்யும் ஜேனி, நடந்தது முழுவதையும் சொன்னால்தான் உதவுவேன் என்ற நிலையில் நிற்கிறாள். டென்வர் சொல்கிறாள். ஜேனி அதை ஊர் முழுக்க ஊதிப் பெருக்கிச் சொல்கிறாள். வம்பளப்புதான், ஆனால் அந்த வம்பளப்பு முப்பது பெண்களைத் திரட்டி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர்களை நடத்திவருபவளின் பெயர் ‘எல்லா’. அவளும் இளவயதில் அப்பனும் மகனுமாக இரண்டு வெள்ளையர்களிடம் அடைபட்டுச் சீரழிந்தவள். அதில் பிறந்த குழந்தைக்குப் பால் கொடுக்க மறுத்தவள். சேத் செய்ததை அவள் மன்னித்துவிடவில்லை. ஆனால் கடந்த காலம் வீடேறி வந்து ஒருத்தியை அடிப்பதை ஏற்க முடியாது என்ற இடத்துக்கு வந்து சேர்கிறாள். பதினெட்டாண்டு வன்மத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். ஒப்புதலும் இல்லை, கட்டித் தழுவலும் இல்லை. வாசலில் நின்று குரல் கொடுக்கிறார்கள். கூட்டணி என்று நான் சொல்வது இதைத்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். மகாசுவேதா தேவியின் வங்காளக் குறுநாவல் ‘ருதாலி’ பலாமூ வட்டாரத்தில் நடப்பது. இன்று அது ஜார்க்கண்ட். கஞ்சு சாதியைச் சேர்ந்த சனிச்சரி, மாமியார், கணவன், மகன் என்று வரிசையாகச் சாகக் கொடுத்தவள். எவருக்காகவும் அவளால் அழ முடிந்ததில்லை. கல்நெஞ்சு காரணமல்ல, நேரமில்லை. பிணத்தை எடுக்க வேண்டும், சடங்குக்குக் கடன் வாங்க வேண்டும், பத்திரத்தில் கைநாட்டு வைக்க வேண்டும், அந்தக் கடனைத் தீர்க்க நிலக்கிழார் வயலில் குனிய வேண்டும். ஓடிப்போன பேரனைத் தேடி அலையும்போது சிறுவயதுத் தோழி பிக்னியைப் பார்க்கிறாள். பிக்னியையும் மகன் கைவிட்டிருந்தான். இரண்டு கிழவிகளும் ஒரு குடிசையில் சேர்கிறார்கள். ஒருத்தி அடுப்பைப் பார்க்க, ஒருத்தி வீட்டைப் பார்க்க, இராத்திரி பேச்சு ஓய்வதில்லை.

இதே இடத்தில் வேறோர் எழுத்தாளர் இரண்டு பேரையும் அழவைத்துக் கதையை முடித்திருப்பார். மகாசுவேதா தேவி அழுகையைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார். ஊர்ப் பெரியவன் துலன் யோசனை சொல்கிறான்: பெரிய வீட்டுச் சாவுகளுக்குக் கூலிக்கு அழ ஆள் வேண்டும், ஆட்கள் எவ்வளவு அழுகிறார்களோ அவ்வளவு கௌரவம் அந்த வீட்டாருக்கு. வெறுமனே அழுவதற்கு ஒரு கூலி, மண்ணில் புரண்டு அழ அதைவிட அதிகம், மார்பிலும் தலையிலும் அடித்துக்கொண்டால் அதற்கும் மேல். பேரம் பேசி வாங்குகிறார்கள். தம்மைக் கடனாளியாக்கிய வர்க்கத்தின் பிணத்துக்கு முன்னால், தமக்காக அழாத கண்ணீரை விற்கிறார்கள். சிரிக்கவும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது.

பிக்னியும் செத்துப்போகிறாள். அவள் இருந்தவரை டோரிச் சந்தைப் பக்கம் போய் விலைமாதர்களைக் கூலிக்கு அழ அழைத்துவரும் பொறுப்பு அவளுடையது. சனிச்சரிக்கு அந்தத் தெருவில் கால்வைக்கக் கூச்சம். அவள் மருமகளே ஓடிப்போய் அங்கேதான் இருக்கிறாள். கூச்சத்தை விடாவிட்டால் பிழைப்பு இல்லை என்று துலன் எடுத்துச் சொன்னபிறகு போகிறாள். மருமகளையும் பார்க்கிறாள், அழைக்கவும் செய்கிறாள். கடைசிக் காட்சியில், நிலக்கிழார் கம்பீர் சிங்கின் பிணத்தைச் சுற்றி, அவன் போன்றவர்கள் கெடுத்துத் துரத்திய பெண்கள் கூடிக் கூலிக்கு ஓலமிடுகிறார்கள். கௌரவமான ஏழை என்ற ஒரே சொத்தைச் சனிச்சரி விட்டுக்கொடுத்ததால்தான் அந்தக் கூட்டம் கூடியது.

1993இல் கல்பனா லாஜ்மி இதைப் படமாக எடுத்தார். டிம்பிள் கபாடியாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. களம் ராஜஸ்தானுக்கு மாறியது, அது போகட்டும். ஆனால் படத்தில் பிக்னி சனிச்சரியைச் சிறுவயதில் விட்டுப்போன தாய் என்று ஆக்கிவிட்டார்கள். தாய் என்று தெரிந்ததும் சனிச்சரிக்கு முதன்முதலாக அழுகை பீறிடுகிறது. படம் பார்த்தவர்கள் கலங்கினார்கள். எனக்கோ ஆத்திரம் வந்தது. இரத்த உறவு இல்லாத இரண்டு கிழவிகள் பேசிப் பேசிக் கட்டிய ஒன்றை எடுத்து, இரத்தத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். தாய்க்காக மகள் அழுவதில் என்ன ஆச்சரியம்? அதோடு கண்ணீர் தொழிலிலிருந்து உணர்ச்சிக்குத் திரும்பிவிட்டது. விலைமாதர் தெருவின் திரட்டல் தேவையற்றுப்போனது. விளிம்பின் கூட்டணியை வெகுஜன ரசனை எப்படி விழுங்கும் என்பதை ஆராய விரும்புபவர்கள் இந்த இரண்டு பிக்னிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

விழுங்குவது சினிமாவுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்துவிட்டு வேங்கை மர நிழலில் வந்து நின்ற கண்ணகியை முதலில் பார்த்தவர்கள் மலைக்குறவர்கள். யார் என்று கேட்டு, அவள் வானேறியதைக் கண்டு, குரவையாடித் தங்கள் தெய்வமாக்கிக்கொண்டவர்களும் அவர்களே. எல்லாம் இழந்த வணிகர் குலப் பெண்ணுக்கும் குன்றத்துக் குடிகளுக்கும் நடுவில் ஏற்பட்ட உறவு அது. பிறகு மலைவளம் காண வந்த சேரன் செங்குட்டுவனிடம், காணிக்கைப் பொருட்களோடு, இந்தச் செய்தியையும் சொல்கிறார்கள். உடனிருந்த சாத்தனார் முழுக் கதையையும் அரசனுக்கு விளக்குகிறார். அரசன் மனம் இளகுகிறது, உண்மை. அதன் விளைவு என்ன? இமயம் வரை படையெடுப்பு, கனக விசயர் தலையில் கல், வஞ்சியில் கோயில். குறவர்கள் சொன்ன கதை சேரனின் வெற்றிக் கதையாகிறது. கேட்டவன் எதையும் இழக்கவில்லை. கதைதான் இடம் மாறியது. இதற்கு முன்னால் அந்தக் காவியத்திலேயே வேறொருத்தியும் இருக்கிறாள். அடைக்கலம் கொடுத்த ஆயர்குல மாதரி, கோவலன் கொலையுண்ட பிறகு, அடைக்கலத்தைக் காக்கத் தவறினேனே என்று தீயில் விழுந்து செத்தவள். அவளுக்குக் கோயில் கட்ட எவரும் கல் சுமக்கவில்லை.

இன்றைய தமிழ்ப் புனைவில் இந்தக் கேள்வியை நேராகக் கையாண்டவர் பாமா. ‘சங்கதி’ (1994) நாவலுக்குக் கதாநாயகி இல்லை, தொடர்ச்சியான கதைப்பின்னலும் இல்லை. தலித் பெண்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான் நாவல். வெள்ளையம்மா பாட்டி பேத்திக்கு மாரியம்மாவின் கதையைச் சொல்கிறாள். முதலாளி ஒருவன் கையைப் பிடித்து இழுக்க, தப்பி ஓடிவந்தவள் மாரியம்மா. அவன் முந்திக்கொண்டு, அவளையும் தெருவிலுள்ள ஒரு பையனையும் சேர்த்துப் பழி சொல்லிவிடுகிறான். ஊர்க்கூட்டத்தில் நடந்தது தெரிந்த பெண்கள் வாயைத் திறந்தால் ஆண்கள் அதட்டி அடக்குகிறார்கள். அவளுக்குப் போட்ட தண்டம் அந்தப் பையனுக்குப் போட்டதைப் போல் இருமடங்கு. கூட்டத்தில் பேச முடியாதது களத்திலும் கிணற்றடியிலும் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. ஆனால் இதே பாட்டிதான் பேய்க் கதைகளையும் சொல்கிறாள். தனியே போகும் பெண்களைப் பேய் பிடிக்கும் என்கிற கதைகள் வேலி போடத்தான் உதவும். பேத்தி அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஏன் பேய் பெண்களை மட்டும் பிடிக்கிறது, அதுவும் நம் தெருப் பெண்களை மட்டும் என்று எதிர்க்கேள்வி போடுகிறாள். லாக்காவின் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தக் குறுக்குக் கேள்விதான். வாலந்தீன் குறுக்கிட்டதைப் போல இவளும் குறுக்கிடுகிறாள். பாட்டியும் சொல்வதை நிறுத்துவதில்லை.

ஒரே தெருவுக்குள், ஒரே சாதிக்குள் நடப்பது இது. ஒரு படி கீழே இறங்கினால்? அதே 1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தது. தலித் காலனிக்கே துணி வெளுத்து, பிரசவம் பார்த்து, சாவுக்குச் சடங்கு செய்து பிழைக்கும் வண்ணாத்தி ஆரோக்கியம். அவள் இராத்திரி வீடு வீடாகச் சோறு எடுக்கப் போகிறாள். போகிற இடமெல்லாம் பேசுகிறாள். தன் பாட்டையும் சொல்கிறாள், அவர்கள் பாட்டையும் கேட்கிறாள். சாவு வீட்டில் அவள் ஒப்பாரிக்கு நிகரில்லை. ஆனால் அறுவடை முடிந்து நெல் அளக்கும் நேரத்தில் அவள் பங்கு ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. காலனி ஆண் ஒருவனால் அவள் மகள் மேரி சீரழிக்கப்படும்போது அதை வெளியே சொல்ல வழி இல்லை. சொன்னால் அந்த இராச்சோறும் நின்றுபோகும். அம்பேத்கர் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று விளக்கியது இதைத்தான்: ஒவ்வொருவருக்கும் மேலே ஆள் இருப்பது மட்டுமல்ல, கீழேயும் ஆள் இருப்பார், ஆகவே எவருக்கும் இழக்க ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கும். நாவல் வந்தபோது இதை எழுதலாமா, ஒடுக்கப்பட்டவர்களின் ஒற்றுமை என்ன ஆவது என்று கடுமையான சர்ச்சை எழுந்தது. ஆரோக்கியம் நாவல் முழுக்கக் கேட்பது ஒற்றுமையை அல்ல. தனக்கு வர வேண்டிய நெல்லைக் கேட்கிறாள். காலனியில் எல்லோரும் அவள் கதையைக் கேட்டு உச்சுக்கொட்டுகிறார்கள். நெல் மட்டும் குறைவாகத்தான் விழுகிறது.